விட்ட தவணையைக் கட்டுவது

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். வயது 36. எட்டு வருடமாக ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் தீர்மானம் எழுதுகிறீர்கள்: உடம்பைக் குறைப்பது, தயங்காமல் ஆங்கிலம் பேசுவது, மொபைலைக் குறைப்பது, பிள்ளைகளிடம் கத்தாமல் இருப்பது. ஒன்றும் பிப்ரவரியைத் தாண்டியதில்லை. டைரியில் ஜனவரி 9 வரை எழுத்து இருக்கிறது, அதற்கு மேல் வெள்ளைத்தாள். "இந்த முறை எழுதவே வேண்டாம் என்று தோன்றுகிறது. புத்தாண்டில் புதிதாகத் தொடங்குவது என்பதே ஏமாற்று வேலையா? மனிதன் உண்மையில் மாறுவானா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அந்த ஒரு நாளால் எவ்வளவு சுமக்க முடியும் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அதன் தலையில் தூக்கி வைக்கிறோம். அதுதான் சிக்கல்.

நான் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் வருடா வருடம் கேட்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு முதல் பாடம் அம்மாவின் மஞ்சப்பையிலிருந்து வந்தது. அம்மா கோவில்பட்டியில் இருபது வருடத்துக்கு மேல் அஞ்சலக ஆர்.டி. (மாதத் தொடர் சேமிப்பு) ஏஜென்ட். மகளிர் பிரதான் ஏஜென்ட் என்பார்கள், 1972-இல் வந்த திட்டம். வீடு வீடாகப் போய் மாதத் தவணையை வாங்கி, பட்டியல் போட்டு, தபால் ஆபீஸில் கட்ட வேண்டும். நூற்றுக்கு நாலு ரூபாய் கமிஷன். ஒரு கணக்கு ஐந்து வருடம், அதாவது 60 தவணை.

ஜனவரி வந்தால் அம்மாவுக்குக் கூட்டம்தான். "இந்த வருஷமாவது நாலு காசு சேர்க்கணும்க்கா" என்று சொல்லிக்கொண்டு புதுசு புதுசாக ஆட்கள் வருவார்கள். அந்த வேகத்தில் மாதம் ஆயிரம் என்பார்கள். அம்மா உடனே படிவத்தை நீட்ட மாட்டார். முதலில் இரண்டு கேள்வி. "சம்பளம் எந்தத் தேதி கைக்கு வரும்?" அப்புறம், "கல்யாணம், காதுகுத்துன்னு செலவு வந்த மாசத்துலயும் எவ்வளவு கட்ட முடியும்?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் தவணைத் தொகையாக எழுதுவார். ஆயிரத்தில் ஆரம்பித்தவர் இருநூறில் வந்து நிற்பார். கமிஷன் குறையுமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "அறுபது மாசம் இருநூறு கட்டுறவங்கதான் நமக்குச் சோறு போடுறாங்க. ரெண்டு மாசம் ஆயிரம் கட்டிட்டு, என்னைப் பார்த்தா வேற தெரு வழியாப் போறவங்க இல்ல" என்றார்.

வேறு தெரு வழியாகப் போவது என்று சொன்னாரே, அதை நான் பல வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். பணம் இல்லாமல் நின்ற கணக்குகளைவிட வெட்கத்தில் நின்ற கணக்குகள்தான் அதிகம் என்பது அம்மாவின் கணிப்பு. ஒரு தவணை தவறும். அடுத்த மாதம் இரண்டாகக் கட்ட வேண்டுமே என்று தயக்கம் வரும். ஏஜென்ட்டைப் பார்க்கக் கூசும். மூன்றாவது மாதம் கதவைத் திறக்க மாட்டார்கள். இத்தனைக்கும் விதி ரொம்பத் தாராளமானது. தவறிய தவணைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் அபராதம். தொடர்ந்து நாலு தவணை தவறினால்தான் கணக்கு நிற்கும். அப்போதும் இரண்டு மாதத்துக்குள் விட்டதைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். தபால் துறையே மன்னிக்கத் தயாராக இருக்கும் ஒரு தவணையைக் கணக்கு வைத்திருப்பவர் தனக்குத் தானே மன்னிப்பதில்லை.

உங்கள் டைரி ஜனவரி 10-ஆம் தேதி நின்றதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எழுதவில்லை. 11-ஆம் தேதி எடுத்தால் அந்த வெள்ளைப் பக்கம் முறைக்கிறது. டைரியை அலமாரியில் வைத்துவிட்டீர்கள். சரியா?

சரி, ஏமாற்றா என்ற கேள்விக்கு வருவோம். புதிய தேதிக்கு உந்துசக்தி இருப்பது உண்மை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூகுளில் 'டயட்' என்ற சொல்லை மக்கள் எப்போது அதிகம் தேடுகிறார்கள், பல்கலைக்கழக ஜிம்முக்கு எந்த நாட்களில் அதிகம் வருகிறார்கள் என்று பார்த்தார்கள். ஆண்டு பிறக்கும்போது மட்டும் இல்லை. வாரம், மாதம், புதுக் கல்விப் பருவம் தொடங்கும்போதும், பிறந்தநாள் முடிந்த கையோடும் இந்த எண்ணிக்கை ஏறியது. அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. தேதி ஒரு கோடு கிழிக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சறுக்கியவன் பழைய ஆள், இந்தப் பக்கம் நிற்பவன் வேறு ஆள் என்று மனம் கணக்கைப் பிரித்துக்கொள்கிறது. பழைய பாக்கி இல்லை என்ற நினைப்பில் கால் எழும்புகிறது. (இதில் ஒரு வேடிக்கை: அந்த ஜிம் கணக்கில் 21-ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு மட்டும் கூட்டம் கூடவில்லை. அமெரிக்காவில் சட்டப்படி மது அருந்தத் தொடங்கும் வயது 21 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.)

இதன் மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே டாய் 2018-இல் பேஸ்பால் வீரர்களை வைத்து இன்னொன்றைக் காட்டினார். அங்கே இரண்டு லீக்குகள் உண்டு. சீசன் நடுவில் ஒரு லீக்கிலிருந்து மற்றதற்கு மாற்றப்பட்ட வீரரின் அந்த ஆண்டுக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதே லீக்குக்குள் அணி மாறினால் பழைய கணக்கே தொடரும். பூஜ்யத்தில் தொடங்கியவர்களில், அதுவரை சுமாராக ஆடியவர்கள் முன்னேறினார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களோ பின்தங்கினார்கள். ஆக, புதுத் தொடக்கம் எல்லோருக்கும் நல்ல மருந்து இல்லை. உங்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது ஏதாவது இருக்கும். தினமும் அம்மாவுக்குப் போன் செய்வதாக இருக்கலாம், ஞாயிறு காலை கிரிக்கெட்டாக இருக்கலாம். புத்தாண்டு என்று சொல்லி அதைப் பிரித்துப் போட்டுப் புது அட்டவணையில் கோர்க்காதீர்கள். அது பாட்டுக்கு ஓடட்டும்.

தீர்மானமே எழுதாமல் விட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் நார்கிராஸ் இதை விடாமல் பின்தொடர்ந்தவர். 2002-இல் வந்த அவர் குழுவின் ஆய்வில் இரண்டு வகை ஆட்கள். இருவருக்குமே மாற வேண்டும் என்ற விருப்பம் உண்டு. ஒரு சாரார் புத்தாண்டில் தீர்மானம் எடுத்தார்கள், மற்றவர்கள் எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் தாக்குப்பிடித்திருந்தார்கள். எடுக்காதவர்களில் 4 சதவீதம். அவரவர் வாயால் சொன்ன கணக்குதான், கொஞ்சம் தள்ளுபடி போட்டே பார்க்கலாம். என்ன தள்ளுபடி போட்டாலும் இடைவெளி பெரிது. எழுதுங்கள்.

அவருடைய இன்னொரு கணக்கு எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1980-களில் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தார். முதல் வாரம் தாண்டியவர்கள் 77 சதவீதம். இரண்டு வருட முடிவில் 19 சதவீதம். இந்த 19-ஐத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டி, பார்த்தாயா, தீர்மானம் எல்லாம் வீண் என்பார்கள். ஆனால் அந்த வெற்றிபெற்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் நடுவில் ஒருமுறையாவது சறுக்கியிருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் சராசரியாக 14 சறுக்கல். ஜெயித்தவர் கணக்கில் 14 தவணை விடுபட்டிருக்கிறது! நீங்கள் எட்டு வருடமாக ஒவ்வொரு ஜனவரியும் ஒரே ஒரு சறுக்கலோடு கடையை மூடியிருக்கிறீர்கள். அவர்கள் மூடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டால் ஒன்றுகூடத் தொட மாட்டார். ஒரு மண்டலம் முழுக்கக் குளிர்ந்த நீரில் குளியல், கவுச்சி கிடையாது, வீட்டில் ஒருவரையும் சுடுசொல் சொல்ல மாட்டார். அத்தை அந்த நாட்களில்தான் நன்றாகத் தூங்குவார் என்று நினைக்கிறேன். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றி வைத்தால், அன்று சாயங்காலம் பெட்டிக்கடையில் நிற்பார். ஒவ்வொரு வருடமும் இதே கதை. புத்தாண்டுத் தீர்மானம் எல்லாம் அவருக்கு இதோடு சேர்ந்தே வரும், மகரவிளக்கு தாண்டாது.

மனவுறுதி இல்லாத மனிதர் என்று அவரைச் சொல்லவே முடியாது. நாற்பது நாளுக்கு மேல் ஒன்றுகூடத் தொடாமல் இருந்தவர். சின்ன வயதில் எனக்கு இது விளங்காத புதிர். பின்னால்தான் புரிந்தது. மாலை போட்டிருக்கும்போது அவரைச் சுற்றி ஓர் ஏற்பாடே இயங்கியது. கறுப்பு வேட்டி. தெருவில் எல்லோரும், சின்னப் பையன்கூட, 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். சாமி பெட்டிக்கடையில் நின்று புகைவிட முடியுமா? அதிகாலை எழுந்தாக வேண்டும், மாலையில் பஜனை, கூடவே குருசாமி. சமையலறை மாறிவிடும். பேச்சு மாறிவிடும். மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் கழன்றுபோகும். பழைய சட்டை, பழைய நண்பர்கள், பழைய டீக்கடை பெஞ்ச். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் கை தானாகப் பையைத் துழாவும்.

மனிதன் மாறுவானா என்று கேட்டீர்களே, மாமாவைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சுற்றியிருக்கும் ஏற்பாடு மாறினால் மனிதன் வியக்கும் அளவுக்கு மாறுவான். ஏற்பாடு போனால் திரும்பி வருவான். ஆகவே டிசம்பர் 31 இரவில் எழுத வேண்டியது 'நான் எப்படிப்பட்டவன் ஆவேன்' என்பதை அல்ல. எதை எங்கே வைப்பேன், யாரிடம் சொல்வேன், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மாமா கடைசியில் விட்டுவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். சபரிமலையோ புத்தாண்டோ காரணம் இல்லை. பேத்தி பிறந்தாள். மகள், "அந்த வாடையோட குழந்தையைத் தூக்காதீங்கப்பா" என்றாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பெருமாள் கோயில் வாசல் வரை நடப்பது என்று ஆனது. டீக்கடை பெஞ்சுக்குப் போகும் நேரமும் அதே ஆறு மணிதான். ஒன்று போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. நடுவில் மூன்று நாலு முறை பிடித்தார், அதையும் மறைக்கவில்லை.

இது மாமாவுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. சுவீடனில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் ஓராண்டு நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், 'இதை விடுவேன்' என்று தீர்மானித்தவர்களில் 47 சதவீதம் பேர் வெற்றி என்று சொன்னார்கள். 'இதைச் செய்வேன்' என்று தீர்மானித்தவர்களில் 59 சதவீதம். உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாலில் மூன்று 'குறைப்பது', 'இல்லாமல் இருப்பது' என்றே இருக்கிறது. கத்தாமல் இருப்பது என்பதை ஒருவர் எப்படிச் செய்வார்? எந்த நிமிடத்தில் செய்வார்? செய்வதற்கு ஒன்றும் இல்லாத தீர்மானம் அது.

அப்புறம் இந்த 21 நாள் கதை. 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். 'குறைந்தது' வழியில் எங்கோ தொலைந்துபோனது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதிய உணவோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் 15 நிமிட ஓட்டம் என்று ஆளுக்கு ஒன்று. யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர 66 நாள் என்பது நடுக்கணக்கு. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது (12 வாரத்தைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). நம் பாட்டிமார் சொல்லும் ஒரு மண்டலமான 48 நாள் 21-ஐவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் மாணவர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஜனவரியில் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரத்தில் "இன்னும் கஷ்டமாகவே இருக்கிறதே, எனக்கு இது சரிப்பட்டு வராது" என்று நிறுத்துபவர், பல நேரம் பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டார்.

அம்மாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். சம்பளம் எந்தத் தேதி? தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த பெண்களுக்குக் கூலி சனிக்கிழமை. அதனால் அவர்கள் தெருவுக்கு அம்மா சனிக்கிழமை சாயங்காலம்தான் போவார். வாரத்துக்கு இருபத்தைந்து, ஐம்பது என்று வாங்கிச் சேர்த்து மாதத் தவணையாகக் கட்டுவார். திங்கள்கிழமை போனால் அதே பெண்கள் "அடுத்த வாரம் பார்க்கலாம்க்கா" என்பார்கள். அவர்களுக்குச் சேமிக்கும் ஆசை சனிக்கிழமை கூடித் திங்கள்கிழமை குறைவதில்லை. பணம் கையில் இருக்கும் நேரமும் ஏஜென்ட் வாசலில் நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். மனவியலில் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானியர் இதை முறையாக ஆராய்ந்தார். 'எப்போது, எங்கே, எதற்கு அடுத்து' என்று முன்கூட்டியே முடிவு செய்வது. 2002-இல் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அடுத்த வாரம் ஒருமுறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். சும்மா விட்டவர்களில் 38 சதவீதம் செய்தார்கள். உடற்பயிற்சியால் இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று படிக்கக் கொடுத்தவர்களில் 35 சதவீதம், அதாவது அறிவுரையால் பலன் பூஜ்யம். அதே அறிவுரையோடு எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதவைத்தவர்களில் 91 சதவீதம். ஒரே வாரத்துக் கணக்குதான், வருடக் கணக்கு இல்லை. ஆனாலும் ஒரு துண்டுச்சீட்டுக்கு இவ்வளவு வேலை செய்ய முடிகிறது.

ஜனவரி 1-இல் தொடங்கத் தவறிவிட்டால் என்ன என்று கவலைப்படாதீர்கள். தொடங்கும் நாளுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. ஜனவரி 1 போனால் இரண்டு வாரத்தில் போகி, தை 1. ஏப்ரல் முதல் தேதி கணக்கு ஆண்டு. அடுத்த இரண்டு வாரத்தில் சித்திரை 1. ஜூனில் பள்ளி திறக்கும், பிள்ளைகளின் நேரம் மாறுவதால் வீட்டில் எல்லோருடைய நேரமும் மாறும். பெரியவர்களுக்கும் அது ஒரு நல்ல தொடக்க நாள் என்பேன். ஆடிப்பெருக்கு, விஜயதசமி, உங்கள் பிறந்தநாள், ஒவ்வொரு திங்கள்கிழமையும். தமிழ் ஆண்டு தையில் பிறக்கிறதா சித்திரையில் பிறக்கிறதா என்று 2008-இல் ஒரு சட்டம் போட்டு 2011-இல் அதை ரத்து செய்தார்கள். உங்களுக்கு இரண்டுமே லாபம்தான். டிசம்பர் 31 இரவு சர்ச் ஆராதனையில் வரும் ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் எடுக்கும் வீடாக இருந்தால் அதுவும் ஒரு நல்ல கோடுதான். விட்ட தவணையைக் கட்ட அடுத்த ஜனவரி வரை காத்திருப்பதுதான் வீண்.

எங்கள் கரிசல் பக்கம் சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுவார்கள். மாட்டைக் குளிப்பாட்டி, கலப்பைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஊரே சேர்ந்து போய் நிலத்தில் ஏர் ஓட்டும். இப்போது டிராக்டரும் வரிசையில் நிற்கிறது. அன்றைக்கு யாரும் காடு முழுவதையும் உழுவதில்லை. சில சுற்று ஓட்டுவார்கள், கும்பிடுவார்கள், பானகம் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். மானாவாரி நிலம். விதைப்பு புரட்டாசியில்தான், மழையைப் பார்த்து. நடுவில் ஐந்து மாதம் இருக்கிறது. நல்ல நாளில் செய்ய வேண்டியது எவ்வளவு, மற்ற நாட்களுக்கு விட வேண்டியது எவ்வளவு என்று அந்தச் சம்சாரிகளுக்குத் தெரியும். நாமோ ஜனவரி 1 அன்று காடு முழுவதையும் உழுது, விதைத்து, சாயங்காலமே முளைத்துவிட்டதா என்று குனிந்து பார்க்கிறோம்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பொருந்தாவிட்டால் தாண்டிப் போங்கள். சிலருக்குத் தீர்மானம் நிற்காததன் காரணம் பழக்கமே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, காலையில் எழுவதே மலையாக இருக்கிறது என்றால் டைரியும் அட்டவணையும் அதற்குப் பதில் ஆகாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டு வருபவர்களில் சிலர் உண்மையில் மனச்சோர்வில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் பட்டியல். நாலையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம், ஒன்றை எடுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் மொபைலில்தான் முதலில் கை வைப்பேன். இரவு ஒரு மணி வரை படுக்கையில் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுபவர் சாயங்காலம் பிள்ளைகளிடம் கத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காலையில் நடக்கப் போக முடியாததும் அதனால்தான். மற்ற மூன்றும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.

'மொபைலைக் குறைப்பேன்' என்று எழுதாதீர்கள். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கழற்றி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஜனவரி 1 அன்று செய்ய வேண்டியது அவ்வளவுதான், பொன்னேர் மாதிரி. 'இரவு சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் போனை ஹாலில் சார்ஜ் போடுவேன்' என்று ஒரு வரி எழுதி அந்தத் தட்டு வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பீர்கள். கடையில் ஒரு சின்ன அலாரக் கடிகாரம் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தச் சாக்கிலேயே மூன்றாம் நாள் போன் தலையணைக்குத் திரும்பிவிடும். போன் இருந்த இடத்தில் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள், வெறும் கை சும்மா இருக்காது. சின்னவளுக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கும் வேலையை மனைவியிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். கத்துவதைப் பற்றிய தீர்மானத்துக்கும் அதில் ஒரு வழி திறக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் தீர்மானங்களைப் பார்த்து மனைவி சிரிப்பதாக எழுதியிருந்தீர்கள். எட்டு வருடம் பார்த்தவர், சிரிக்கத்தான் செய்வார். அவரையே ஏஜென்ட் ஆக்குங்கள். கண்காணிக்கச் சொல்லாதீர்கள், அது சண்டையில் முடியும். வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை காபியின்போது, எத்தனை இரவு போன் ஹாலில் இருந்தது என்று அவர் கேட்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். ஏழுக்கு நாலு என்றால் நாலு என்று சொல்லுங்கள்.

விடும் நாளுக்கும் இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஊரில் விசேஷம், வேலையில் நெருக்கடி, உலகக் கோப்பை, ஏதோ ஒன்று வரத்தான் போகிறது. 'விட்ட மறுநாள் இரவு சார்ஜரை ஹாலில் மாட்டுவேன், வேறு எதுவும் செய்ய மாட்டேன்.' இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டுவது, தன்னையே திட்டிக்கொள்வது, புதிதாகப் பெரிய அட்டவணை போடுவது எதுவும் வேண்டாம். அம்மா, கதவைத் திறக்காத வீட்டுக்கு மறுமாதமும் போவார். வாசலில் நின்று, "அக்கா, பழசு இருக்கட்டும், இந்த மாசம் மட்டும் குடுங்க" என்பார். பழைய தவணையை அப்புறம் மெதுவாக வாங்கிக்கொள்வார். பலர் கதவைத் திறந்தார்கள்.

மொபைல் ஓரளவு படிந்த பிறகு, அது மார்ச்சோ ஏப்ரலோ, நடையை எடுங்கள். பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே பதினைந்து நிமிடம். அரைமணி என்று தொடங்காதீர்கள், மழைக்காலத்திலும் முடிகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் தவணை. ஆங்கிலம் ஜூனில். பிள்ளைகளின் புதுப் பாடப்புத்தகம் வீட்டுக்கு வரும்போது அதையே அவர்களோடு சத்தமாகப் படியுங்கள், தப்பாகப் படித்தால் அவர்கள் திருத்துவார்கள், அவர்களுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று டிசம்பர் கடைசியில் போன் வரும். கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் அலாரக் கடிகாரம் போக மீதியை மாதம் நூறு நூறாக ஓர் ஆர்.டி.யில் போடுங்கள்.